எண்ணிப் பார்த்த கருணை

கப்பல் தலைவர் தாமஸ் கோரமின் முயற்சியால் 1739-இல் அரச சாசனம் பெற்ற லண்டன் கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லத்தைக் கருணையின் சின்னமாகவே பலரும் போற்றுகிறார்கள். கருணை மட்டும் அந்தக் குழந்தைகளைக் காக்கவில்லை. 1756 முதல் 1760 வரை நாடாளுமன்ற நிதியோடு, வந்த குழந்தைகளையெல்லாம் இல்லம் ஏற்றது. ஏறத்தாழ 15,000 பேரில் மூன்றில் இரு பங்கினர் மாண்டுபோயினர். அந்த இல்லம் மருத்துவத்துக்குத் தந்த பெருங்கொடை, சிகிச்சையை எண்ணிச் சோதித்த பழக்கம்தான்.

பெரியம்மையைத் தடுக்க அந்நாளில் அம்மைப்பால் குத்துவார்கள். அதற்கு முன் பாதரசப் பேதி மருந்து கொடுப்பது பலரின் வழக்கம். 1767-இல் இல்லத்து மருத்துவர் வில்லியம் வாட்சன் 31 குழந்தைகளை மூன்று பிரிவாக்கினார். 10 பேருக்குப் பாதரசம், 10 பேருக்கு நிலாவரையும் ரோஜாப் பாகும், 11 பேருக்கு மருந்தே இல்லை. பிறகு எல்லோருக்கும் அம்மைப்பால் குத்தி, நோயின் கடுமையை அளக்க ஒவ்வோர் உடலிலும் எழுந்த கொப்புளங்களை எண்ணினார். பாதரசம் தேவையில்லை என்று கண்டு, 1768-இல் அதை நூலாக வெளியிட்டார். கேட்க ஆளில்லாத பிள்ளைகள் மீதா சோதனை என்ற கேள்வி நியாயமானது. இன்றைய நெறி அதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் அம்மைப்பால் குத்துவது அங்கே ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. வாட்சன் புதிய ஆபத்து எதையும் சேர்க்கவில்லை. இருந்த நஞ்சு ஒன்று வேண்டாதது என்று காட்டினார். அந்தப் பயன் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் உரியதே.