செம்மண்ணும் தாரும்: சிரம்பான் தோட்டப்புற ஓட்டம் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

சாலை ஓட்டம், காட்டோட்டம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவதே வழக்கம். சிரம்பான்காரர்களுக்கு மூன்றாவது ஒன்றும் உண்டு. லாபு, ரந்தாவ் பக்கம் கித்தாவுக்கும் செம்பனைக்கும் நடுவே லோரியும் டிராக்டரும் போவதற்காகப் போட்ட செம்மண் சாலை அது. தார்ச்சாலையின் இறுக்கமோ, அங்சி மலை ஒற்றையடிப் பாதையின் வேர்ச்சிக்கலோ அதில் இல்லை. இந்த மூன்றில் ஓடுபவரின் உடலுக்கு ஏற்றது எது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. தோட்டத்தில் ஓடியவர்கள்

1938இல் கோலாலம்பூரில் கிஸ்பெர்ட் என்ற கணக்காய்வாளரும் நண்பர்களும் ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ் கிளப்பைத் தொடங்கினார்கள். ஒருவர் முன்னால் ஓடிக் காகிதத் துண்டுகளைத் தூவிச் செல்ல, மற்றவர்கள் தடம் பிடித்துத் துரத்துவார்கள். கித்தாத் தோட்டங்களும் அவர்களுக்குக் களமாயின. அந்த ஓட்டம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக மரம் சீவி, பால் வாளியைக் காண்டாவில் சுமந்த தமிழர்களின் கால்களும் அதே மண்ணில் பழகியவைதாம். தோட்டப்பாதை ஓட்டத்தின் வரலாற்றில் கிளப்பை மட்டும் எழுதி இவர்களை விட்டுவிடுவது அநியாயம்.

3. கால் செய்யும் கணக்கு

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. எனவே கடினமான தார் முட்டியைக் கெடுக்கும் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் தரை மென்மையானால் கால் தன்னை விறைத்துக்கொள்கிறது, கடினமானால் இளக்கிக்கொள்கிறது. 1990களின் ஆய்வுக்கூடச் சோதனைகளில் இது தெளிவானது. ஆகவே கடினத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

என் கருத்தில், தாரின் பெரிய குறை அதன் ஒரே சீரான தன்மை. ஆயிரக்கணக்கான அடிகள் ஒரே கோணத்தில், ஒரே எலும்பில், ஒரே தசைநாரில் விழுகின்றன. மழைநீர் வடிவதற்காகச் சாலையோரம் சரித்துப் போடப்பட்டிருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடுபவரின் ஒரு கால் தாழ்ந்தே இறங்கும். கணைக்கால் எலும்பு வலிக்கும் முட்டி வலிக்கும் இவை இடம் கொடுக்கின்றன.

செம்மண் சாலையில் சக்கரம் பதிந்த இரண்டு தடங்கள், நடுவே புல் மேடு, அங்கங்கே சரளை. அடிக்கு அடி கணுக்கால் தன்னைத் திருத்திக்கொள்கிறது. தார் தொடாத சிறு தசைகளெல்லாம் வேலை செய்கின்றன. இதற்கும் விலை உண்டு: கணுக்கால் சுளுக்கு. மழை விட்டதும் ஓடினால் மண் சப்பாத்தின் அடியில் அப்பிக்கொண்டு, ஆழமான பள்ளங்கள் கொண்ட அடிப்பாகம்கூடப் பிடிப்பை இழக்கும்.

வேகமும் குறையும். தளர்ந்த மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது. செம்மண்ணில் அவ்வளவு இல்லை என்றாலும், தோட்டத்து நேரத்தைச் சாலை நேரத்தோடு ஒப்பிட்டு மனம் சோரத் தேவையில்லை.

4. வெயிலும் முள்ளும்

1924 பாரிஸ் ஒலிம்பிக் குறுக்கோட்டத்தில் கடும் வெயிலில் புறப்பட்ட 38 பேரில் 15 பேர்தான் முடித்தார்கள். அதன்பின் ஒலிம்பிக்கில் அந்தப் போட்டியே நடக்கவில்லை. நம் வெப்பத்தில் நிழல் சொகுசு அல்ல, பாதுகாப்பு. முற்றிய கித்தா அதைத் தருகிறது, இளஞ்செம்பனை தராது.

வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் அடிப்பகுதியில் முள் வரிசையாக நிற்கும். அது முட்டியில் குத்தி உள்ளேயே முறிந்தால் மூட்டு வீங்கும். மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். எலி இருக்கும் இடத்தில் நாகமும் வரும். காலில் புண் இருந்தால் தேங்கிய நீரை மிதிக்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. சாலையில் இவை குறைவு, ஆனால் மோட்டாரும் புகையும் உண்டு.

5. முடிவு

வாரத்தின் பெரும்பகுதி செம்மண்ணில், ஒரு நாள் வேகம் அளக்கத் தாரில் ஓடுவதே பொருத்தம். 825 மீட்டர் உயர அங்சி, கணுக்கால் உறுதிப்பட்டவர்களுக்கு மட்டும். தோட்ட நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறிவருகின்றன, ஆகவே செம்மண் சாலை மிஞ்சியிருக்கும்போதே அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். தமிழ்ப்பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களே, குறுக்கோட்டத்தைப் பள்ளிக்கு வெளியே தார்ச்சாலையில் நடத்தாதீர்கள். பக்கத்துத் தோட்டத்து மேனேஜரிடம் அனுமதி கேட்டு, பிள்ளைகளைச் செம்மண்ணில் ஓடவிடுங்கள்.