தோம்பிலிருந்து அடையாள இலக்கம் வரை

இலங்கையிலே தனிமனிதரைப் பற்றிய விபரங்களை அரசு எழுதிவைக்கும் வழக்கம் கணனியோடு தோன்றியதன்று. போர்த்துக்கேயர் காலத்திலேயே காணி இடாப்புகள் தொகுக்கப்பட்டன. அவற்றுக்கு அவர்கள் வழங்கிய பெயரே தமிழில் 'தோம்பு' என நிலைத்தது. பின்வந்த ஒல்லாந்தர் அதனை விரிவுபடுத்திக் காணித் தோம்பு, தலைத் தோம்பு என இரு வகையாகப் பேணினர். காணித் தோம்பு நிலத்தையும் அதன் உரிமையையும் வரியையும் பற்றியது. தலைத் தோம்போ வீட்டின் உள்ளே நுழைந்தது. அங்கு வாழ்வோர் யாவர், அவர்தம் உறவுமுறை யாது, வயது என்ன, சாதி எது, அரசுக்கு ஆற்றவேண்டிய ஊழியம் எது என்பனவெல்லாம் அதிற் பதியப்பட்டன. ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்புகளில் ஏறின. இன்றைய வரலாற்று மாணவருக்கு இவை கிடைத்தற்கரிய செல்வம். ஆயின் ஊழியத்துக்கு அஞ்சிய அன்றைய குடியானவன் தன் பெயர் அதில் ஏறாதிருப்பதையே விரும்பியிருப்பான் என எண்ணுவதில் தவறில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியிற் பிறப்பு இறப்புப் பதிவு ஒழுங்குபடுத்தப்பட்டது. 1871 இல் நாடளாவிய முதலாவது நவீன குடிசன மதிப்பு எடுக்கப்பட்டு, சனத்தொகை ஏறத்தாழ 24 இலட்சம் எனக் கணிக்கப்பட்டது. எனினும் பதிவேடுகளில் இடம்பெறாதோர் பலர் இருந்தனர். இதன் விளைவு 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின்போது வெளிப்பட்டது. தந்தையோ பாட்டனோ இந்நாட்டிற் பிறந்தமையை நிறுவவேண்டிய நிலைக்குள்ளான மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரிடம் அதற்கான பத்திரங்கள் இருக்கவில்லை. ஆகவே பதிவேட்டிற் பெயர் இருப்பதை மட்டும் தீங்கெனக் கொள்வது பேதைமை. பெயர் இல்லாமையாலும் மனிதர் நாடற்றவராயினர்.

1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்தற் சட்டத்தின்கீழ், 1972 இல் தேசிய அடையாள அட்டை வழங்கும் பணி தொடங்கியது. அட்டையிலும் கூடிய கவனத்துக்குரியது அதன் இலக்கமே. பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களுள் முதலிரண்டும் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த மூன்றும் அவ்வாண்டிற் பிறந்த நாள் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களாயின் அதனோடு 500 கூட்டப்படும். பெப்ரவரி எல்லா ஆண்டுகளிலும் 29 நாள் கொண்டதாகக் கருதப்படுவதால், மார்ச் முதலாந் திகதி பிறந்த ஆணுக்கு 061, பெண்ணுக்கு 561 என வரும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்கங்களிலும் இம்முறை மாறவில்லை. ஆண்டு முழுமையாக எழுதப்படுகின்றது. எனவே இலக்கத்தை ஒப்புவிப்பவர், தாம் கேட்கப்படாத இரண்டு விடயங்களையும் சேர்த்தே ஒப்புவிக்கின்றார். வயதை மறைக்கும் உரிமை பெண்களுக்கு உண்டெனக் கேலியாகச் சொல்லும் சமூகத்தில், ஒவ்வொரு பெண்ணின் வயதும் ஐந்நூறைக் கழித்தால் தெரியும்படி அமைந்தது வேடிக்கையே.

அட்டை வேறொன்றையும் சொல்லிற்று. 2014 வரை வடக்குக் கிழக்கில் வழங்கப்பட்டவை சிங்களத்திலும் தமிழிலும், ஏனைய மாகாணங்களில் வழங்கப்பட்டவை சிங்களத்தில் மட்டுமே அச்சிடப்பட்டன. பிறந்த இடமும் அதிற் குறிக்கப்பட்டிருந்தது. போர்க்காலச் சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டியவர் வாய்திறக்குமுன்னரே அவர் யார், எவ்விடத்தவர் என்பது தெரிந்துவிடும். தமிழில் இரு வரி இருந்தமை ஒரு மொழியுரிமை. அவ்வுரிமையே தெருவில் ஓர் அடையாளக் குறியாகவும் மாறிற்று.

ஒரு தேவைக்காகத் திரட்டப்பட்ட விபரம் மற்றொரு தேவைக்குப் பயன்படுவதே இவ்வரலாற்றில் அஞ்சத்தக்கது. 1983 ஜூலையிற் கொழும்பில் வன்செயலில் ஈடுபட்டோர் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துத் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றமை பலராலும் பதியப்பட்டுள்ளது. வாக்களிக்கும் உரிமைக்காகக் கொடுத்த முகவரி அது. தோம்பெழுதிய ஒல்லாந்தரின் தாயகத்திலும் இவ்வாறு நிகழ்ந்தது. செம்மையாகப் பேணப்பட்ட அந்நாட்டுக் குடிசனப் பதிவேடுகள் இரண்டாம் உலகப் போரில் நாசிகளின் கைக்கு உதவின. 1943 மார்ச்சில் எதிர்ப்பியக்கத்தினர் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குத் தீமூட்டியது இதனாலேயே.

கடதாசிக்கு ஒரு பலவீனம் உண்டு. அது ஓரிடத்தில் இருக்கும், தேட நேரமெடுக்கும், கச்சேரி அலுமாரியிற் கறையானுக்கு இரையாகும். மனிதரின் அந்தரங்கத்தைச் சட்டத்திலும் பார்க்கக் கறையானே நெடுங்காலம் காத்தது எனலாம். கணனி இப்பலவீனங்களை நீக்கிற்று. வங்கியிற் கொடுத்த இலக்கமும், சிம் அட்டைக்குக் கொடுத்த இலக்கமும், விடுதியிற் போட்டோப் பிரதி எடுக்கப்பட்ட இலக்கமும் ஒன்றே. தனித்தனியே சிதறிக்கிடந்த ஏடுகளை ஒரே நூலிற் கோக்க அவ்விலக்கம் போதும். கோப்பவர் அரசாக இருக்கவேண்டியதில்லை. பேரங்காடியிற் சில ரூபாய்க் கழிவுக்காகக் கைத்தொலைபேசி இலக்கத்தைச் சொல்பவரின் ஒவ்வொரு கொள்முதலும் அவ்விலக்கத்தின்கீழ்ச் சேர்கின்றது.

மக்கள் இதனை எதிர்க்கவில்லை. எதிர்க்கும் நிலையிலும் இருக்கவில்லை. 2020 இல் கொவிட் முடக்கத்தின்போது, எந்நாளில் எவர் வெளியே செல்லலாம் என்பது அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தால் வகுக்கப்பட்டது. 2022 ஜூலையில் எரிபொருட் பங்கீட்டுக்காகக் கியூஆர் குறியீடு அறிமுகமானபோது, வாகன விபரமும் அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் ஒருங்கே பதியப்பட்டன. நாட்கணக்காக வரிசையிற் கிடந்தவர்களிடம், அவ்விபரங்களை எத்தனை காலம் யார் வைத்திருப்பர் என்ற கேள்வியை எதிர்பார்ப்பது நியாயமாகாது. கேட்டிருக்கவேண்டியவர்கள் சட்டமியற்றுவோரே.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அந்தரங்கத்தைத் தனியோர் அடிப்படை உரிமையாக வெளிப்படக் கூறவில்லை. 2015 இல் 19 ஆவது திருத்தம் தகவலறியும் உரிமையைச் சேர்த்தபோது, அவ்வுரிமையை மட்டுப்படுத்தத்தக்க காரணங்களுள் ஒன்றாக 'அந்தரங்கம்' இடம்பெற்றது. இந்தியாவில் ஆதார் தொடர்பாக எழுந்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன் பெரும்பகுதி உடனே நடைமுறைக்கு வரவில்லை. 2025 மார்ச்சில் தொடங்கவிருந்த பகுதிகளும் பிற்போடப்பட்டன. கைரேகை, கருவிழி, முகம் ஆகியவற்றைப் பதியும் புதிய எண்ணிம அடையாளத் திட்டத்துக்கான ஆயத்தங்களோ, இந்திய அரசின் நன்கொடையுடன் அதே ஆண்டுகளில் நடைபெற்று வந்தன.