தந்தையின் பத்திரமும் பிள்ளையின் நாடும்

அட்டன், நுவரெலியா முதலிய மலைநாட்டுப் பகுதிகளில் தேயிலை வேரூன்றிய காலந்தொட்டே தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர். அவர்தம் பிள்ளைகள் லயத்திலே பிறந்து, பிள்ளைக்காம்பராவிலே வளர்ந்து, உரிய வயதிலே பெரட்டுக்களத்திற் பெயர் கொடுத்தனர். அப்பிள்ளைகள் எந்நாட்டவர் என்ற வினா 1948ஆம் ஆண்டிலே எழுந்தது.

அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இம்மண்ணிற் பிறந்ததை மட்டும் போதிய சான்றாகக் கொள்ளவில்லை. சட்டத்திற்கு முன் இங்கே பிறந்தவர், தம் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர் என்றோ நிரூபித்தல் வேண்டும். பின்னர்ப் பிறக்கும் குழந்தைக்கோ தந்தை பிரஜையாயிருத்தல் வேண்டும். பழைய லயத்துப் பிறப்புகளுக்குப் பத்திரம் ஏது? பாட்டனுக்குப் பத்திரமில்லை, ஆகவே தந்தைக்கு உரிமையில்லை, ஆகவே பிள்ளைக்கு நாடில்லை.

1949ஆம் ஆண்டில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக மனுக்கள் குவிந்தன. உரிமை பெற்றவரோ ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்தனர். இந்தியா 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரையும், இலங்கை 3 இலட்சம் பேரையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இருநாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. இனிப் பிறக்கும் பிள்ளைகள் ‘இயற்கைப் பெருக்கம்’ என்னும் பெயரால் பெற்றோரின் கணக்கிலேயே சேர்க்கப்பட்டனர். தொட்டிலிலிருந்த குழந்தையின் விருப்பத்தை யார் கேட்பர்? கண்டறியாத நாடு அதற்குத் தாய்நாடாயிற்று. உறவினர் பிரிந்தனர், சிலர் கப்பலேறி மண்டபம் முகாம் சேர, சிலர் தோட்டத்திலேயே தங்கினர்.

1984இல் தலைமன்னார்க் கப்பற் போக்குவரத்து நின்றது. செல்லவும் இயலாது, உரிமையுமின்றிப் பலர் எஞ்சினர். 1988ஆம் ஆண்டுச் சட்டம் பலரின் குறையைத் தீர்த்தது. எனினும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே, 1964 ஒக்டோபர் 30 முதல் நிலையாக வாழ்ந்தவர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை பெறும் வழியைத் திறந்தது.

பிறந்தவுடன் பதிவு பெறவும், பெயர் பெறவும், ஒரு நாட்டுரிமை பெறவும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையுண்டென 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயம் கூறுகின்றது. 1948இற் பிறந்த தோட்டத்துக் குழந்தைக்கு 2003இல் வயது ஐம்பத்தைந்து. பாட்டனின் பத்திரத்தைத் தேடியதில் ஒரு மனிதனின் வாழ்நாளே கழிந்துவிட்டது.