இறுகிய பிஸ்டனும் கடலோர மக்களும்



தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்தில் துருப்பிடித்தலைக் கற்பிக்கும்போது, உப்புநீரில் ஓர் இரும்பாணியைப் போட்டுக் காட்டுவது நம் வழக்கம். அந்த ஆணிக்கு நேர்வது ஒரு படகு மோட்டாரின் உள்ளே நேர்ந்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைந்துவிடும். இதை நாம் மாணாக்கருக்குச் சொல்வதில்லை. ஆகவேதான் இக்கட்டுரை.

நம் ஜொகூரில் குக்கூப், மெர்சிங் போன்ற கரைகளில், படகின் பின்பலகையில் மாட்டும் மோட்டாரை மலாய்மொழியில் 'எஞ்சின் சங்கூட்' என்பர். தொங்கவிடப்பட்ட இயந்திரம் என்பது பொருள். எவ்வளவு பொருத்தமான பெயர்! நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் 1909ஆம் ஆண்டில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு முன்னரே கேமரன் வாட்டர்மேன் போன்றோர் செய்திருந்தனர். எனினும் வணிகத்தில் நிலைபெற்றது எவின்ரூடின் ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டாரே. யமஹா 1960ஆம் ஆண்டில் இத்துறைக்கு வந்தது. பின்னர் ஆசியக் கரைகளெங்கும் ஜப்பானிய மோட்டார்கள் நிறைந்தன.

பிஸ்டன் இறுகுவது இருவகை. முதலாவது வெப்பத்தால் நேர்வது. பிஸ்டன் அலுமினியத்தாலும் சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பாலும் ஆனவை. ஒரே வெப்பத்தில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும். கடல்நீரை உறிஞ்சிக் குளிரூட்டும் சிறிய ரப்பர்ச் சக்கரம் கிழிந்துபோனாலோ, எரிபொருளோடு கலக்கவேண்டிய எண்ணெய் குறைந்தாலோ, பிஸ்டன் விரிந்து சுவரில் அப்பிக்கொள்ளும். மற்றொன்று துருவால் நேர்வது. ஓடாமல் கிடக்கும் மோட்டாரினுள் உப்புநீர் புகுந்தால், பிஸ்டனைச் சுற்றியுள்ள இரும்பு வளையங்கள் சுவரோடு ஒட்டிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கயிற்றை இழுத்தால் அசையாது.

துருவால் இறுகியதை விடுவிக்க வலிமையைவிடப் பொறுமையே வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே துருவிளக்கும் எண்ணெயையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி, சில நாள்கள் ஊறவிட வேண்டும். பின்னர் மேலுள்ள சுழல்சக்கரத்தை முன்னும் பின்னுமாக, ஓர் இம்மி அளவேனும் அசைகிறதா என மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். அசையாவிடில் சிலிண்டரின் தலைப்பகுதியைக் கழற்றி, மரக்கட்டை ஒன்றைப் பிஸ்டன்மேல் வைத்துத் தட்டுவர். இரும்புச் சுத்தியலால் நேராக அடித்தால் பிஸ்டன் உடைந்துவிடும். சில பழைய மோட்டார்களில் தலைப்பகுதி தனியாகக் கழலாது. அவற்றில் ஊறவிடுவதைத் தவிர வேறு வழி அரிது.

இவ்வறிவு எத்துணை இன்றியமையாதது என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டக் கரையே சான்று. அங்கும் அடுத்துள்ள கேரளக் கரையிலும் 1980களில் வள்ளங்களில் இம்மோட்டார்கள் பரவின. பெட்ரோல் விலை தாங்காமையால் அவை மண்ணெண்ணெயில் ஓடின. பெட்ரோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய் கரியை மிகுதியாகப் படியவைக்கும், வளையங்கள் சிக்கிக்கொள்ளும். ஆதலால் பழுதுபார்க்கும் பட்டறை இல்லாமல் அக்கரையில் மோட்டார்த் தொழிலே இல்லை. 1980ஆம் ஆண்டில் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு மோட்டார்ப் பட்டறைகளையும் நடத்தியது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்கள் நொறுங்கின. அம்மாவட்டத்தில் ஏறத்தாழ 800 பேர் மாண்டனர். நம் நாட்டில் பினாங்கும் கெடாவும் பேரிழப்பைக் கண்டன. சுமத்திரா இடையே கிடந்தமையால் ஜொகூர் தப்பியது.

கடலில் மூழ்கிய மோட்டாருக்கு ஒரு விதி உண்டு. மேலே எடுத்த அன்றே நன்னீரால் கழுவி, நீரை வடித்து, எண்ணெய் விட்டு, ஓட்டிவிட வேண்டும். இயலாவிடில் நன்னீர்த் தொட்டியில் அமிழ்த்தி வைப்பதே நலம். காற்றுப் படும்போதுதான் துரு விரைந்து வளரும். இவ்விதி தரும் கால அளவு சில மணிநேரமே. அந்தச் சில மணிநேரத்தில் அக்கரை மக்கள் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தனர். பிணங்களை அடக்கம் செய்துகொண்டிருந்தனர். மணலுக்குள் கிடந்த மோட்டாரை யார் நினைப்பார்? இழந்த படகுகளின் எண்ணிக்கை அரசு அறிக்கைகளில் இடம்பெற்றது. எடுத்துக் கழுவ ஆளில்லாமல் இறுகிப்போனவற்றைத் தனியே எண்ணியவர் இருப்பார் என நான் கருதவில்லை. தொண்டு நிறுவனங்கள் புதிய படகுகளையும் மோட்டார்களையும் வழங்கின, அது நற்செயலே. ஆயினும் பழையதைப் பழுதுபார்த்துக் கொடுத்தவர்களின் பணியை நான் சற்று உயர்வாகவே மதிக்கிறேன். மீனவர் தமக்குப் பழகிய பொறியோடு கடலுக்குத் திரும்பினர் அல்லவா?

எவின்ரூட் பெயரில் மோட்டார் செய்வது 2020ஆம் ஆண்டில் நின்றுபோனது. கடலோரப் பள்ளி ஆசிரியர்கள் பட்டறையில் கேட்டால், கழித்துப்போட்ட பிஸ்டன் ஒன்று கிடைக்கக்கூடும். அதன் பக்கத்தில் நீளவாக்கில் கீறலும் அப்பிய தடமும் இருந்தால் வெப்பத்தால் இறுகியது. வளையக் காடியில் செந்துரு இருந்தால் உப்புநீரால் இறுகியது. இரண்டையும் அருகருகே வைத்து மாணாக்கரையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். கைகளில் கரி ஒட்டும். பழைய துணி எடுத்துச் செல்லுங்கள்.