கோர்ட்டெஸ் கடலுக்குப் போனவர்கள் யார் யார்?

1940 மார்ச் 11ஆம் தேதி கலிபோர்னியாவின் மாண்டரே துறைமுகத்திலிருந்து 'வெஸ்டர்ன் ஃப்ளையர்' என்ற 76 அடி விசைப்படகு தெற்கே கிளம்பியது. மத்தி பிடிக்கிற படகு. அந்த முறை அதில் ஏறியவை காலி ஜாடிகள், ஃபார்மலின், ஆல்கஹால், பேதி உப்பு, கொஞ்சம் புத்தகங்கள். மெக்சிகோவின் கோர்ட்டெஸ் கடலோரத்தில், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, பாறை இடுக்கிலும் சேற்றிலும் கிடக்கிற உயிர்களைச் சேகரிப்பதுதான் திட்டம். பணம் பெரும்பாலும் நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக்குடையது. படிப்பு எட் ரிக்கெட்ஸுடையது.

ரிக்கெட்ஸ் சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்காமலே வெளியேறியவர். மாண்டரேயில் ஒரு சிறிய ஆய்வுக்கூடம் வைத்து, பள்ளி கல்லூரிகளுக்குப் பதப்படுத்திய உயிரினங்களை விற்றுப் பிழைத்தார். கல்லூரி விலங்கியல் ஆய்வுக்கூடத்திலேயே வேலைக்காலம் முழுவதும் கழித்த எனக்கு அவர்மேல் ஒட்டுதல் வர இது ஒன்றே போதும். எங்கள் அலமாரியில் இருந்த நட்சத்திர மீனையும் யாரோ ஒருவர் முழங்கால் தண்ணீரில் குனிந்துதான் எடுத்திருப்பார். ஜாடியில் விலங்கின் பெயர் இருக்கும், எடுத்தவர் பெயர் இருக்காது.

இந்த வேலை பொறுமையைச் சோதிக்கும். கடல் அனிமனியை அப்படியே ஃபார்மலினில் போட்டால் சுருங்கி உருண்டையாகிவிடும். கைகளெல்லாம் உள்ளே போய்விடும். அது எப்படி வாழ்ந்தது என்று அந்த உருண்டையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அதனால் கடல்நீரில் விட்டு, அது விரியும்வரை காத்திருந்து, பேதி உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து மயங்க வைக்க வேண்டும். கடல் அட்டை இன்னும் மோசம். மிரண்டால் குடலையே வெளியே கக்கிவிடும். பகலெல்லாம் பொறுக்கி, இரவில் படகு மேஜையில் பிரித்து, சீட்டு எழுதிப் போட்டு, பிறகு பீரும் பேச்சும்.

பிறகு இந்தப் பயணத்தைப் பற்றி இருவரும் சேர்ந்து வெளியிட்ட புத்தகத்தின் தத்துவம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. ஒரு விஷயத்தைப் பார்த்ததும் 'ஏன் இப்படி, எப்படி இருந்திருக்க வேண்டும்' என்று பாயாமல், முதலில் உள்ளதை உள்ளபடி பார் என்பது ரிக்கெட்ஸின் வாதம். அவர் காட்டும் நார்வே உதாரணம் எனக்குப் பிடித்தது. அங்கே வேட்டைக்காரர்கள் விரும்பும் ஒரு காட்டுக்கோழி குறைந்துகொண்டே வந்தது. பருந்துதான் காரணம் என்று பருந்தைக் கொல்லப் பரிசு அறிவித்தார்கள். பருந்து குறைந்தது, கோழி இன்னும் வேகமாகக் குறைந்தது. பிறகுதான் தெரிந்தது, கோழிகளிடம் ஒரு ஒட்டுண்ணி நோய் இருந்தது. நோய்ப்பட்ட கோழிகளைத் தூக்கிப்போய் நோய் பரவாமல் தடுத்துக்கொண்டிருந்ததே பருந்துகள்தான். குற்றவாளியைத் தேடும் அவசரத்தில் வைத்தியனைச் சுட்டுவிட்டார்கள்.

அனிமனி தானாக விரியக் காத்திருந்து பழகிய ஒருவருக்கு இந்த யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை. பயணத்துக்கு முன்பே ரிக்கெட்ஸ் இதைக் கட்டுரையாக எழுதி வைத்திருந்தார். அது கிட்டத்தட்ட முழுசாக, மார்ச் 24, ஈஸ்டர் ஞாயிறு அத்தியாயத்தில் சேர்க்கப்பட்டது. பயணக் கதையையும் ஸ்டைன்பெக் ரிக்கெட்ஸின் குறிப்பேட்டை வைத்துத்தான் எழுதினார்.

உள்ளதை உள்ளபடி பார்க்கச் சொன்ன இந்தப் புத்தகம் தன் படகையே அப்படிப் பார்க்கவில்லை. கேப்டன், எஞ்சின்காரர், இரண்டு மாலுமிகள், ஸ்டைன்பெக், ரிக்கெட்ஸ் போக ஏழாவதாக ஒருவர் அதில் இருந்தார்: ஸ்டைன்பெக்கின் மனைவி கேரல். ஒட்டுண்ணிப் புழுவுக்கும் இடம் கொடுத்த புத்தகத்தில் கேரலின் பெயர் இல்லை. மணவாழ்க்கை அப்போது முறிந்துகொண்டிருந்தது, 1943இல் விவாகரத்து. காரணம் புரிகிறது. ஆனால் காரணம் தேடுவதை விட்டு உள்ளதைச் சொல் என்றவர்கள் இவர்கள்தானே?

அடுத்து ரிக்கெட்ஸின் முறை. ஸ்டைன்பெக் எழுதியது, ரிக்கெட்ஸின் அறிவியல் பின்னிணைப்புடன் என்று போடலாமா எனப் பதிப்பாளர் தரப்பில் கேட்டபோது, ஸ்டைன்பெக் கோபத்தோடு மறுத்தார். அது அவருக்குப் பெருமை. 1941 டிசம்பரில் இருவர் பெயரிலும் நூல் வந்தது. அதே வாரம் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. நூலைக் கவனிக்க ஆளில்லை. 1948 மே மாதம் ரிக்கெட்ஸின் கார் ரயிலில் மோதி, சில நாளில் அவர் இறந்தார். 1951இல் உயிரினப் பட்டியலை வெட்டிவிட்டு, பயணக் கதையை மட்டும் ஸ்டைன்பெக்கின் நூலாக மறுபடி வெளியிட்டார்கள். முன்னால் ரிக்கெட்ஸைப் பற்றி ஒரு நினைவுக் கட்டுரை. பாசமான கட்டுரைதான். இருந்தாலும் இணை ஆசிரியராக இருந்தவரை அது ஒரு கதாபாத்திரமாக்கிவிட்டது. இது அநியாயம் என்பதே என் கட்சி.

கடைகளில் இன்று கிடைப்பது பெரும்பாலும் அந்த 1951 வடிவம்தான். வாங்கினால் ஈஸ்டர் ஞாயிறு அத்தியாயத்தை ரிக்கெட்ஸ் எழுதியதாகவே படியுங்கள்.