கொழும்பில் எழுந்த வினா

1935ஆம் ஆண்டில் அமெரிக்கக் கறுப்பினப் போதகராகிய ஹவர்ட் தர்மன், மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தாரின் அழைப்பின்பேரில் இலங்கைக்கு வந்தார். கொழும்புச் சட்டக் கல்லூரியில் அவர் உரையாற்றியபின் ஒருவர் வினவினார்: உம் முன்னோரை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசென்றோர் கிறிஸ்தவர்கள், அக்கப்பல்களுள் ஒன்றின் பெயரே 'இயேசு', அவ்வாறிருக்க, அவர்கள் சமயத்தின் சார்பில் நீர் இங்கு நிற்பது உலகின் கருநிற மக்கள் அனைவருக்கும் இழைக்கும் துரோகமன்றோ?

சாதிக்கொரு கல்லறைத்தோட்டம் கண்ட நம் திருச்சபைக்கும் இவ்வினா உரியதே என நாம் கருதுகிறோம்.

கிறிஸ்தவ சமயம் வேறு, இயேசுவின் சமயம் வேறு என்றார் தர்மன். 1936இல் பர்தோலியில் காந்தியடிகளும் அடிமைமுறையைப் பற்றி அவரிடம் துருவித் துருவிக் கேட்டார். முழு விடை 1949இல் நூலாயிற்று. விடுதலை இறையியல் என்னும் பெயர் வழங்குமுன்னரே என்பதை மாணவர் கருதுக. உரோமரின் ஆட்சியில் உரிமையிழந்து வாழ்ந்த ஏழை யூதராகிய இயேசு, போக்கிடமற்று ஒடுக்கப்பட்டோருக்கு என்ன கூறுகிறார் என்பதே அந்நூலின் பொருள்.