தண்டல்காரர் வராத தெரு

1640-ல் வங்கக் கடலோர மணல்வெளியில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு சின்னக் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. கம்பெனிக்கு வேண்டியது துணி. அதற்காக நெசவாளர்கள் வந்தார்கள். சாயம் தோய்ப்பவர்களும் துணியில் சித்திரம் தீட்டுபவர்களும் செட்டிகளும் மொழிபெயர்ப்பாளர்களான துபாஷிகளும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். கோட்டைக்கு வடக்கே தெருக்கள் முளைத்தன. தெருக்களுக்கு நடுவே சந்துகள் முளைத்தன. ஊருக்குள் சென்னகேசவப் பெருமாள் கோவில் எழுந்தது. வெள்ளைக்காரர்கள் அந்த ஊருக்கு வைத்த பெயர் 'கறுப்பர் நகரம்'. கோட்டைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நூறு வருடம் நிம்மதியாக இருந்தது அந்த ஊர். அந்தச் சுவரே தனக்கு எமனாகும் என்று அதற்குத் தெரியாது.

1746 செப்டம்பரில் லா பூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பல்கள் கடலில் தென்பட்டன. சில நாட்களில் கோட்டை விழுந்தது. உள்ளே புகுந்த பிரெஞ்சுக்காரர்கள் முதலில் கவனித்தது வடக்குச் சுவரை ஒட்டியிருந்த வீடுகளைத்தான். எதிரி அந்த வீடுகளுக்குள் ஒளிந்துகொண்டு சுட்டால் கோட்டை தாங்காது. கோட்டையை ஒட்டியிருந்த வீடுகளைத் தரைமட்டமாக்கினார்கள். 1749-ல் உடன்படிக்கைப்படி சென்னை மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இழந்த வீட்டைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது வேறொரு செய்தி.

எதிரி சொல்லிக்கொடுத்த பாடம் சரியென்று ஆங்கிலேயருக்கும் பட்டுவிட்டது. இடிப்பு தொடர்ந்தது. 1757 வாக்கில் சென்னகேசவப் பெருமாள் கோவிலும் இடிபட்டது. மாற்று இடம் தரப்பட்டது. ஆளுநர் பிகட்டின் துபாஷியான மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று உழைக்க, இன்றைய பூக்கடைப் பக்கம் சென்னகேசவருக்கும் சென்னமல்லீஸ்வரருக்கும் இரட்டைக் கோவில் எழுந்தது. பெருமாள் பிழைத்தார். மிச்சமிருந்த தெருக்கள் பிழைக்குமா?

1758 டிசம்பர் 14 அன்று பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கறுப்பர் நகரத்துக்குள் நுழைந்தது. வீடுகளில் கிடைத்த சாராயத்தைக் குடித்துவிட்டு சிப்பாய்கள் தெருவில் தள்ளாடினார்கள். ஊர் சூறையாடப்பட்டது. வீடுகளின் மறைவில் பீரங்கிகள் நின்று கோட்டையைத் துளைத்தன. இரண்டு மாதம் நீடித்த முற்றுகை, 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் கண்ணில் பட்டதும் ஒரே இரவில் கலைந்தது. கோட்டை தப்பியது. ஆனால் ஊரின் தலையெழுத்து அன்றே எழுதப்பட்டுவிட்டது.

கோட்டையிலிருந்து சுமார் 400 கஜம் வரை ஒரு கூரைகூட நிற்கக் கூடாது என்று முடிவானது. நூறு வருடத்துத் தெருக்களும் சந்துகளும் திண்ணைகளும் தறிக்குழிகளும் மண்ணோடு மண்ணாயின. எல்லையைக் காட்ட ஆறு கல்தூண்களை நட்டார்கள். தூணுக்கும் கோட்டைக்கும் நடுவே எதுவும் கட்டக் கூடாது என்று 1773 ஜனவரி 1 தேதியிட்டுப் பொறித்தார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில், டேர் ஹவுஸ் கட்டிடத்தை ஒட்டி இன்றும் நிற்கிறது. விரட்டப்பட்ட ஜனங்கள் முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் குடியேறினார்கள். அங்கே புதிய கறுப்பர் நகரம் உருவானது. ஆனால் அந்த ஊருக்குக் காவல் ஏது?

பதில் தேட வைத்தவர் ஹைதர் அலி. 1767-ல் மைசூர்க் குதிரைப்படை சென்னையின் புறநகர்களைக் கொள்ளையடித்தது. 1769-ல் ஹைதரே பரங்கிமலைப் பக்கம் வந்து நின்று, தான் கேட்டபடி உடன்படிக்கையை எழுதி வாங்கினார். வெலவெலத்துப்போன கம்பெனி, புதிய ஊருக்கு வடக்கிலும் மேற்கிலும் பெரும் மதில் எழுப்பத் தீர்மானித்தது. ஒப்பந்தம் பால் பென்ஃபீல்டுக்குப் போனது. கம்பெனி வேலையில் பொறியாளராக இருந்தவர் அவர். பிற்பாடு ஆற்காடு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்து, லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க்கின் வாயில் அகப்பட்டவரும் அவரேதான். கொத்தளங்களோடும் வாசல்களோடும் மதில் எழுந்தது. செலவுக் கணக்கைப் பார்த்த கம்பெனிக்கு ஒரு யோசனை உதித்தது.

மதில் யாருக்காக? ஊர் ஜனங்களுக்காக. அப்படியானால் அவர்களே பணம் கட்டட்டும்! மேற்கு மதிலின் உள்பக்கமாக நீளமாய் ஒரு பாதை ஓடியது. வரியின் பெயர் அந்தப் பாதையில் ஒட்டிக்கொண்டது. வீடு இழந்து, கோவிலை இழந்து, கொள்ளைக்கும் ஆளான ஜனங்கள் தண்டல்காரரின் வருகையை எதிர்பார்த்தார்கள். அவர் வரவே இல்லை. அப்படியொரு வரி சட்டப்படி செல்லுமா என்ற கேள்வி எழ, திட்டம் அப்படியே கிடப்பில் விழுந்தது. மதிலை முற்றுகையிடவும் யாரும் வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் மதிலும் இடிக்கப்பட்டது. மிச்சமான ஒரு துண்டு, வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய ஜெயில் ரோட்டில், தலையில் மாடிப் பூங்காவைச் சுமந்துகொண்டு நிற்கிறது. மேற்கு வாசல்களில் ஒன்று யானைக்கவுனி என்ற பெயராக மட்டும் தங்கிவிட்டது. மதிலும் வரியும் இல்லாமல் போன பிறகு, அந்தப் பாதைக்கு என்ன ஆனது?

சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கவாட்டில், தண்டவாளங்களை ஒட்டியே வடக்கு நோக்கி அது இன்றும் ஓடுகிறது. பலகையில் வ.உ.சி. சாலை. ஆட்டோக்காரர் முதல் மூட்டை ஏற்றும் மீன்பாடி வண்டிக்காரர் வரை எல்லோர் வாயிலும் அது வால்டாக்ஸ் ரோடுதான். யாரோ வால்டாக்ஸ் துரையின் பெயர் போல ஒலிக்கிறது. அப்படி ஒரு துரை இருந்ததே இல்லை. வால் என்றால் மதில், டாக்ஸ் என்றால் வரி. மதில்வரிச் சாலை, அவ்வளவுதான்.

பழைய தெருக்கள் இருந்த மண்ணில் 1892 முதல் உயர் நீதிமன்றம் சிவப்பாக நிமிர்ந்து நிற்கிறது. அங்கே நூறு வருடம் தறி ஓடிய சந்துகளின் பெயர் ஒன்றுகூட இன்று சென்னையின் நாக்கில் இல்லை. அந்த ஜனங்கள் கட்டாமல் போன வரியின் பெயரைத்தான் ஊர் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது.